வண்ணார் துறையில் ஒரு பரிசுத் தேர்வு



இவ்வாண்டு நம் பள்ளியின் திறந்த நாளன்று மண்டபத்து மேசையில் வைக்கப்பட்டிருந்த சிறு காரை நீங்கள் எல்லாரும் கண்டீர்கள். வானொலி அலையால் இயங்கும் அந்தக் கார் எங்கே வாங்கப்பட்டது, கடை நிறைய அழகழகான கார்கள் இருக்க இதனை ஏன் தேர்ந்தீர்கள், அதன் பக்கத்தில் 10 என்னும் எண்ணை ஏன் எழுதினீர்கள் என்றெல்லாம் பலர் வினவினர். அன்றைய கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் நின்று நிதானமாக விடை கூற நேரம் வாய்க்கவில்லை. ஆகவே, ஆண்டு மலரில் நமக்கென ஒதுக்கப்பட்ட பக்கங்களில் அதனை எழுதுகிறோம். ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றித் தலைமையாசிரியர் இத்தனை பக்கம் எழுதலாமா என்று எண்ண வேண்டா. அந்தப் பொருளின் பின்னே நம் பள்ளியின் வாழ்வு நிற்கிறது.

முதலில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். இந்நாட்டில் தமிழ்க் கல்வி 1816-ஆம் ஆண்டில் பினாங்கு நகரப் பள்ளி ஒன்றில் ஒரு தனி வகுப்பாகத் தொடங்கியது. ஆயினும் தோட்டந்தோறும் பள்ளி தோன்றியதற்கு 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பெரிதும் காரணமாயிற்று. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் ஒரு தோட்டத்தில் இருப்பின், அவர்களுக்குப் பள்ளி அமைத்துத் தருவது தோட்ட முதலாளியின் கடமை என்று அச்சட்டம் கூறிற்று. பல இடங்களில் அப்பள்ளி ஓர் ஓலைக் கொட்டகையாகவே இருந்தது. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் ஆசிரியராக நின்றார். எனினும் பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு பள்ளி என்ற அந்தக் கணக்கே நம் பாட்டன் பாட்டிமார் கையில் எழுதுகோலைக் கொடுத்தது.

பின்னர்க் காலம் மாறிற்று. பால்மரம் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பட்டணத்தின் அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தன. பேரட்டுக் களத்தில் நம் மொழி பேசுவோர் குறைந்தனர். சென்ற ஆண்டு நம் பள்ளியின் முதலாம் வகுப்பில் வந்து அமர்ந்தோர் எழுவர் மட்டுமே. "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்ற முழக்கத்தை நாம் பதாகையில் எழுதிக் கட்டினோம். வீடு வீடாகவும் சென்றோம். அப்பொழுதுதான் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அடுத்த ஆண்டுக்குப் பதியும் பிள்ளைகளுள் ஒருவருக்குப் பெரிய பரிசு ஒன்றைக் குலுக்கல் முறையில் கொடுத்தால் என்ன என்று கேட்டார். சீட்டு விற்பதில்லை, பணம் வாங்குவதில்லை, பதிந்த பிள்ளைகள் அனைவரின் பெயரையும் ஒரு பானையில் இட்டு ஒன்றை எடுப்பது. அவ்வளவே.

என்ன பரிசு என்பதில் கூட்டம் மூன்றாகப் பிரிந்தது. மிதிவண்டி என்றனர் சிலர். கைக்கணினி என்றனர் வேறு சிலர். நம் பள்ளியில் படித்து இன்று சிங்கப்பூரில் தொழில் பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர், செலவைத் தாமே ஏற்பதாகச் சொல்லி, வானொலிக் கார் வாங்கலாம் என்று எழுதியிருந்தார். "பிள்ளைகள் கண்டதும் ஓடி வர வேண்டும் ஐயா. நான் சிறுவனாக இருந்தபோது சார்டின் டின்னில் கார் செய்து, பழைய சிலிப்பரை வட்டமாக வெட்டிச் சக்கரம் வைத்து, கயிறு கட்டி இழுத்தேன். தானே ஓடும் கார் ஒன்று நம் பள்ளித் திடலில் ஓடட்டுமே" என்பது அவர் எழுதிய வரி. சார்டின் டின் காரை நாமும் இழுத்தவரே. ஆதலின் அவ்வரி நம் நெஞ்சில் தைத்தது.

கூட்டம் கலையும் நேரத்தில், பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்தார். பொதுவேலைக்குச் செல்பவர்; பேசிப் பழகாதவர். "சார், ஒரு பிள்ளைக்குக் கார் கிடைக்கும். சரி. கிடைக்காத பிள்ளைகள் அழுமே, அதற்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்துகொண்டார். யாரும் மறுமொழி கூறவில்லை. கூற வேண்டிய பொறுப்பு நம்முடையது. அக்கேள்வியை நாம் சிங்கப்பூர் வரை சுமந்து சென்றோம் என்றே சொல்ல வேண்டும்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள், சங்கத் தலைவரும் நாமுமாக லார்க்கினில் பேருந்தேறி, ஜொகூர் கடற்பாலம் கடந்து, குவீன் ஸ்திரீட்டில் இறங்கினோம். அங்கிருந்து டோபி காட் நடந்து செல்லும் தொலைவே. முன்னாள் மாணவர் எம்மை அங்கே எதிர்கொண்டார். தலை நரைக்கத் தொடங்கிய பின்னும், வகுப்பில் நின்றதைப் போலக் கைகட்டி நின்றார். "கையை எடுங்கள் தம்பி, இப்பொழுது நீங்கள்தாம் எமக்கு வழிகாட்டி" என்றோம்.

டோபி காட் என்ற பெயரின் பொருளை மாணவர் அறிதல் வேண்டும். டோபி என்பது வடமொழிகள் வழிவந்த சொல்; துணி வெளுப்பவர் என்று பொருள்படும். காட் என்பது நீர்த்துறை. நல்ல தமிழில் சொன்னால் அது வண்ணார் துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விடத்தில் பிராஸ் பாசா என்னும் சிற்றாறு ஓடியது. மலாய் மொழியில் அதற்கு ஈர அரிசி என்று பொருள். இந்தியாவிலிருந்து வந்த வண்ணார்கள் அந்நீரில் ஊரார் துணியை வெளுத்து, பக்கத்துத் திறந்தவெளியில் உலர்த்தினர். பின்னாளில் அச்சிற்றாறு கால்வாயாக்கப்பட்டு, இன்று பெரும்பகுதி நிலத்தின் அடியில் ஓடுகிறது. மேலே 1939-ஆம் ஆண்டில் எழுந்த கேத்தே கட்டடத்தின் முகப்பு பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. 1974-ஆம் ஆண்டில் பிளாசா சிங்கப்பூரா என்னும் பேரங்காடி திறக்கப்பட்டது. ஜப்பானியரின் யாவோஹான் கடை அதே ஆண்டில் அதனுள் வந்து, 1997-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1987-ஆம் ஆண்டில் நிலத்தடி ரயில் நிலையம் வந்தது. இப்பொழுது அங்கே மூன்று தடங்கள் கூடுகின்றன. வடகிழக்குத் தடத்தில் ஏறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா.

ஆறு மறைந்தது, வெளுத்தவர்கள் மறைந்தனர், அவர்கள் பெயர் மட்டும் மறையவில்லை. இத்தனை பெரிய வணிக இடம் ஆளுநர் பெயரையோ செல்வர் பெயரையோ கொள்ளாமல், உழைத்தவர் பெயரைக் கொண்டு நிற்பது கண்டு நாம் மகிழ்ந்தோம். வண்ணாரின் தொழிலில் ஒரு நுட்பம் உண்டு. நூறு வீட்டு வெள்ளைச் சட்டைகள் ஒரே கல்லில் அடிபடும். ஒரே கொடியில் உலரும். எது எவர் வீட்டுச் சட்டை? அதற்காக அவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி வைத்திருந்தனர். நம் முன்னோர் ஊர்களில் சேராங்கொட்டையின் சாற்றைச் சுண்ணாம்புடன் கூட்டி, துணியின் உட்புறத்தில், கழுத்துப் பட்டையின் ஓரத்தில் அக்குறியை இடுவர். எத்தனை முறை வெளுத்தாலும் அது போகாது. வெளியே தெரியவும் தெரியாது. இந்தக் குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

நாம் சென்ற கடை, டோபி காட் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கடைக்காரர் சீனப் பெரியவர். எமக்கும் அவர்க்கும் பொதுமொழியாக மலாய் அமைந்தது. சுவர் முழுவதும் பெட்டிகள். பந்தயச் சாலைக் கார், நான்கு சக்கரமும் உந்தும் கார், பெருஞ்சக்கர லாரி எனப் பலவகை. பெட்டியைத் திறந்த உடனே ஓட்டத்தக்க ஆயத்தக் கார் ஒன்றைச் சங்கத் தலைவர் கையில் எடுத்தார். நெருப்பு நிறம், நெடிய பின் இறகு, பார்த்தவர் கண் பறிக்கும் தோற்றம். "இதனை மேசையில் வைத்தால் போதும் சார், கூட்டம் தானே வரும்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆயினும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு இருந்தன.

முதற்கேள்வி, இது நம் சாலையில் ஓடுமா என்பது. சிங்கப்பூரின் வழவழப்பான தரையில் ஓடும் கார் வேறு; நம் தோட்டத்துச் செம்மண்ணில், கூழாங்கல்லும் மழைச்சேறும் கலந்த வழியில் ஓடும் கார் வேறு. பந்தயச் சாலைக் காரின் அடிவயிறு தரையை ஒட்டியே இருக்கும். ஒரு செம்பனைப் பழம் உருண்டு கிடந்தால் அதன் பயணம் முடிந்தது. ஆகவே உயர்ந்த அடிப்பாகமும், முட்கள் போன்ற புடைப்புகள் உடைய பின்சக்கரங்களும் கொண்ட வகையே நமக்கு ஏற்றது. அவ்வகையைப் பக்கி என்பர்.

இரண்டாவது, பழுதானால் யார் செப்பனிடுவது என்பது. ஒட்டி மூடிய பொம்மை ஒன்று உடைந்தால் குப்பைத் தொட்டிக்கே செல்லும். பிரித்துப் பூட்டத்தக்க பாகங்களாக வருவது உடைந்தால், உடைந்த பாகத்தை மட்டும் மாற்றலாம். கடைக்காரப் பெரியவர் இதனைக் கேட்டதும் முகம் மலர்ந்து, மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனத்தின் ஹார்னெட் என்னும் பக்கி அது. பெயருக்குக் குளவி என்று பொருள். முதன்முதல் 1984-ஆம் ஆண்டில் வெளிவந்து, பின்னர் 2004-ஆம் ஆண்டில் மீண்டும் வெளியிடப்பட்டது. உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவினது. தொட்டி போன்ற ஒரே அடிப்பெட்டியுள் மின்கலமும் கருவிகளும் அடங்கிவிடுவதால் சேறு உள்ளே புகுவது அரிது. பெட்டியில் இருப்பது கார் அன்று; ஒரு காருக்கு வேண்டிய பாகங்களும், அவற்றைப் பூட்டும் முறையைப் படங்களால் விளக்கும் ஏடும்.

அந்நிறுவனத்தின் வரலாறும் மாணவர்க்குப் பயனுள்ளது. 1946-ஆம் ஆண்டில் யோஷியோ தமியா என்பவர் அதனை மர வணிகமாகத் தொடங்கினார். பின்னர் மரத்தால் மாதிரிகள் செய்து விற்று, 1953-ஆம் ஆண்டில் கட்டட மர விற்பனையை நிறுத்தி மாதிரிகளிலேயே நிலைத்தனர். 1976-ஆம் ஆண்டில் போர்ஷே காரின் மாதிரியாக அவர்களுடைய முதல் வானொலிக் கார் வந்தது. அவருடைய மகன் ஷுன்சாகு தமியா, அதன் அமைப்பைச் சரியாக அறியும்பொருட்டு உண்மையான போர்ஷே கார் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தவர். பிரித்துப் பார்க்காமல் ஒரு பொருளை அறிய இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மூன்றாவது கேள்வி, சிறு பிள்ளைக்கு இது தீங்கற்றதா என்பது. இக்காலத்தில் லித்தியம் மின்கலங்கள் மிகு விசை தருவன. எனினும் குத்துப்பட்டாலோ அளவுக்கு மீறி மின்னேற்றினாலோ தீப்பற்றும் அச்சம் உண்டு. ஆகவே நிக்கல் வகை மின்கலத்தையே கேட்டு வாங்கினோம். அதில் ஓர் அறைக்கு 1.2 வோல்ட்; ஆறு அறைகள் சேர்ந்து 7.2 வோல்ட். நான்காம் வகுப்பினர் இக்கணக்கை வாய்ப்பாடாகவே செய்துவிடுவர். மேலும், வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைக்கும் வசதியுள்ள கட்டுப்பாட்டுக் கருவியைத் தேர்ந்தோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாதி போதும்.

வானொலி அலையைப் பற்றிப் பெரியவர் சொன்ன செய்தி சுவையானது. முன்னாளில் இத்தகைய கார்கள் 27 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கின. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். ஆதலின் நீண்ட கம்பி வேண்டியிருந்தது. ஒரே அலையில் இருவர் ஓட்டினால், ஒருவர் திருப்ப மற்றவர் கார் திரும்பும்! இப்பொழுது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை. அதன் நீளம் 12.5 சென்டிமீட்டர். கருவியும் காரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். பல கருவிகள் ஓர் அலைவரிசையிலேயே நில்லாமல் தாவித் தாவிப் பேசுவதால் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. கம்பியின்றி ஒரு கலத்தைத் தொலைவிலிருந்து இயக்கலாம் என்பதை 1898-ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கொண்டு காட்டினார். அலைவரிசை தாவும் முறைக்கு 1942-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இருவருள் ஒருவர் ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகை. மற்றவர் ஓர் இசையமைப்பாளர். அறிவு எவர் வீட்டில் பிறக்கும் என்று எவர் சொல்ல முடியும்? லயத்து வீட்டிலும் பிறக்கும்.

நான்காவது, அந்தத் தாயின் கேள்வி. அதற்கு விடை விலைப்பட்டியலில் கிடைத்தது. தலைவர் கையில் எடுத்த நெருப்பு நிறக் கார் ஒன்றின் விலையில், கருவிகளையும் சேர்த்து, ஏறத்தாழ இரண்டு ஹார்னெட் வாங்கலாம் என்று கணக்கிட்டோம். குறைந்த சிறு தொகையை முன்னாள் மாணவர் தாமே இட்டார். ஒரு கார் பரிசு, மற்றொன்று பள்ளிக்கு. பரிசு ஒரு பிள்ளைக்குச் செல்லும். பள்ளியின் கார் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாகும். இதனை எடுத்துரைத்ததும் தலைவர் தம் கையில் இருந்த காரைத் தாமே தட்டில் வைத்தார். "மேசைக்கு ஒரு கார் குறைவு, திடலுக்கு ஒரு கார் மிகுதி" என்று அவர் சொன்ன சொல்லை இங்கே பதிவு செய்கிறோம்.

ஹார்னெட்டைத் தேர்ந்ததற்கு மற்றுமொரு காரணம் அதன் மேலுடல். அது பாலிகார்பனேட் என்னும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கினால் ஆனது. 1953-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒருவரும் அமெரிக்காவில் ஒருவரும் தனித்தனியே கண்டறிந்த பொருள் அது. வளையும், எளிதில் உடையாது. அதற்கு வண்ணம் தீட்டும் முறைதான் விந்தை. வெளிப்புறத்தில் தீட்டுவதில்லை, உட்புறத்தில் தீட்டுகிறார்கள். கார் கவிழ்ந்தாலும் கல்லில் உரசினாலும் வெளித்தோலில்தான் கீறல் விழும், வண்ணத்திற்குச் சேதமில்லை. பெரியவர் இதனை விளக்கியபோது, கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் வண்ணார் இட்ட குறி எம் நினைவுக்கு வந்தது. அதே வண்ணார் துறையில் நின்றுகொண்டு, நம் பிள்ளைகளின் குறியும் இக்காரின் உட்புறத்திலேயே அமையட்டும் என்று முடிவு செய்தோம்.

அப்பால் பிராஸ் பாசா வணிக வளாகத்தில் தூரிகையும் மறைப்பு நாடாவும் வாங்கிக்கொண்டு, ரயிலேறி ஒரு நிலையம் கடந்து, லிட்டில் இந்தியாவில் தோசை உண்டோம். சிராங்கூன் சாலையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைக் கண்டபோது தலைவர் அமைதியாக இருந்தார். பின்னர், "நம் தோட்டத்தில் இன்று தமிழ் எழுத்து உள்ள பலகைகள் இரண்டு சார். ஒன்று கோயில், ஒன்று பள்ளி" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

ஊர் திரும்பியதும் செய்தி பரவிற்று. பட்டணத்து வணிகர் ஒருவர், கார் முழுவதும் தம் கடையின் பெயரை எழுதினால் மொத்தச் செலவையும் தாம் தருவதாகச் சொல்லி அனுப்பினார். நல்ல மனத்தோடு கேட்டார், பணிவோடு மறுத்தோம். இது பள்ளியின் அழைப்பு. அழைப்பிதழில் அழைப்பவர் பெயரே முன்னிற்க வேண்டும். பின்புறத்தில் சிறு எழுத்தில் நன்றி என்று போடுகிறோம் என்றோம். அவர் சிரித்துக்கொண்டே உடன்பட்டு, மின்னேற்றும் பெட்டிகள் இரண்டை வாங்கிக் கொடுத்தார்.

பூட்டும் பணியை ஐந்தாம், ஆறாம் வகுப்பினர் மேற்கொண்டனர். திருப்புளி பிடித்த கைகள் முதல் நாள் நடுங்கின. மூன்றாம் நாள் நடுங்கவில்லை. பின்னச்சின் நடுவில் உள்ள பல்லிணைப் பெட்டியைப் பூட்டும்போது, வளைவில் திரும்பும் காரின் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட மிகுந்த தொலைவு செல்ல வேண்டும் என்பதையும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல அப்பல்லிணை வழி செய்கிறது என்பதையும் அவர்களே திடலில் கயிறு பிடித்து வட்டம் போட்டு அளந்து உணர்ந்தனர். டிராக்டர் ஓட்டும் தந்தை ஒருவர் மாலையில் வந்து பார்த்து, "எங்கள் டிராக்டரிலும் இதுதான் இருக்கிறது" என்று சொல்லி, பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தினார். அன்று அவர் நம் பள்ளியின் ஆசிரியர்.

வண்ணம் தீட்டியது வேறோர் அனுபவம். உட்புறத்தை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பினால் எண்ணெய்ப் பசை போகக் கழுவினர். இவ்வகைப் பிளாஸ்டிக்கிற்கு உரிய தெளிப்பு வண்ணத்தை, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றோட்டமான வெளியில் ஆசிரியரே தெளித்தார். உட்புறத்தில் தீட்டுவதால் எல்லாம் தலைகீழ் முறை. வெளியே இருந்து பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிய வேண்டியதை முதலில் தீட்ட வேண்டும். பின்னணியைக் கடைசியில் தீட்ட வேண்டும். எழுத்துகளையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். "நம் பள்ளி" என்ற இரு சொற்களை மாற்றி எழுதிப் பழகிய பிள்ளைகள், ஒவ்வோர் எழுத்தும் எப்படி வளைகிறது என்பதை அன்றுதான் கூர்ந்து கண்டனர். 10 என்ற எண் உள்ளே 01 ஆக நின்றது. பின்னணி வெண்மை, பால்மரத்துப் பாலின் நிறம்; கீழ் ஓரம் செம்மண் நிறம். இவ்விரு நிறங்களும் மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தவை.

வண்ணம் உலர்ந்த பின், பள்ளியின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அழியாத மையினால் தம் பெயரின் முதலெழுத்தை இரு கார்களின் மேலுடலுக்குள்ளும் எழுதினர். மூடியைக் கழற்றினாலன்றி அவை தெரிய மாட்டா. உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஹார்னெட்டுகள் ஓடுகின்றன. அவற்றுள் நம்முடையவை எவை என்று எவரேனும் கேட்டால், மூடியைத் திறந்து காட்டலாம்.

திறந்த நாளன்று, இத்தோட்டத்தில் நெடுங்காலம் பால் வெட்டி ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் பானைக்குள் கையிட்டுச் சீட்டை எடுத்தார். பரிசு ஒரு சிறுமிக்கு விழுந்தது. செம்பனைக் குலை அறுப்பவரின் மகள். "பெண் பிள்ளைக்கு எதற்கு மோட்டார் கார்? மாற்றிக் கொடுங்கள்" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. சிறுமியின் தாய் திரும்பிப் பார்த்து, "சீட்டில் என் மகள் பெயர்தானே இருக்கிறது? அப்படியென்றால் கார் அவளுக்குத்தான்" என்றார். அத்துடன் அப்பேச்சு முடிந்தது. அச்சிறுமி கருவியை இரு கையாலும் நெஞ்சோடு பற்றிக்கொண்டு, காரைத் திடலின் குறுக்கே ஒருமுறை நேராக ஓட்டினாள். வளைக்க இன்னும் தெரியவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கின்றனர்.

பள்ளியின் கார் சனிக்கிழமை காலைகளில் திடலில் ஓடுகிறது. பள்ளியில் பதிந்த பிள்ளை என்றாலும், பதியாத பிள்ளை என்றாலும், வரிசையில் நின்றால் ஐந்து நிமிடம் கிடைக்கும். இதுவரை முன் தாங்கி ஒரு முறை உடைந்தது; பாகம் வாங்கி மாற்றியாயிற்று. முதற்கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தாயின் மகனுக்குப் பரிசு கிடைக்கவில்லை. இரு வாரங்களுக்குப் பின் அவரைக் கடைத்தெருவில் கண்டு, பையன் அழுதானா என்று கேட்டோம். "அன்று இரவு அழுதான் சார். இப்பொழுது திருப்புளி வாங்கிக் கொடு என்று நச்சரிக்கிறான்" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு முழு விடை நம்மிடம் இல்லை. ஒரு பரிசு இருக்கும்வரை ஓர் இரவு அழுகையும் இருக்கும். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை வந்து நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும். அதனைத் தருவதே பள்ளியின் வேலை.

பெற்றோர்களே, கார் காட்டிப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள் என்று சிலர் பேசுவதாகக் கேள்விப்படுகிறோம். ஒரு கார் பிள்ளையை வாசல்வரை அழைத்து வரலாம். ஆறு ஆண்டுகள் வகுப்பில் அமர்த்தி வைக்க அதனால் இயலாது. அதற்கு நல்ல ஆசிரியரும், வீட்டில் ஒரு விளக்கும், அதன் கீழ் ஒரு புத்தகமும் வேண்டும். அக்காரைப் பார்க்கும்போது அதன் பளபளப்பைப் பாராமல், அதனைப் பூட்டிய கைகளைப் பாருங்கள். அலை நீளத்தைக் கணக்கிட்டவரும், பல்லிணையை விளக்கியவரும், எழுத்தை இடவலம் மாற்றி வெட்டியவரும் உங்கள் பிள்ளைகளே. இவையெல்லாம் நடந்தது இத்தோட்டத்துப் பள்ளியில், நம் தாய்மொழியில்.

வருகின்ற ஆண்டின் முதலாம் வகுப்புக்கு இதுவரை பதிந்தோர் ஒன்பதின்மர். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன பத்து, ஒரு பள்ளி முழுமைக்கும் உரிய கணக்கு. நாம் அதனை ஒரு வகுப்புக்கு இலக்காக வைத்தோம்; அதனாலேயே காரின் பக்கத்தில் அந்த எண். பத்துக்கு இன்னும் ஒன்று குறைகிறது. உங்கள் வீட்டிலோ, அடுத்த லயத்திலோ, பட்டணத்திற்குப் பெயர்ந்த உறவினர் வீட்டிலோ ஏழு வயதை எட்டப்போகும் பிள்ளை ஒன்று இருக்கலாம். இருப்பின், சனிக்கிழமை காலையில் திடலுக்கு அழைத்து வாருங்கள். காரின் மூடியைக் கழற்றி உள்ளே காட்டுகிறோம். அங்கே இன்னும் ஒரு முதலெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.